தோல் ஜாக்கெட் போட்டும் குளிருதா? மலை ஏறும் பைக் ஓட்டிகளுக்கு அறிகுறிவாரியாகச் சரிசெய்யும் வழிகள்

மார்கழி பிறந்துவிட்டால் மேட்டுப்பாளையம் டீக்கடைகளின் முன்னால் அதிகாலையிலேயே பைக்குகள் வரிசைகட்டி நிற்கும். எல்லாரும் ஊட்டிக்குப் போகிறவர்கள். பலர் உடம்பில் நல்ல தோல் ஜாக்கெட், கையில் தோல் கிளவுஸ். குன்னூர் தாண்டியதும் அதே ஆட்கள் ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, கையை அக்குளில் செருகிக்கொண்டு நிற்பார்கள். "இவ்வளவு விலை கொடுத்து வாங்கியும் குளிருதே" என்பதுதான் எல்லார் வாயிலும்.

ஜாக்கெட்டைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். தோல் சூடு தராது. 1.2 மி.மீ. தடிப்புள்ள மாட்டுத்தோல் காற்றைத் தடுக்கும், கீழே விழுந்தால் உங்கள் தோலைக் காப்பாற்றும். அதன் வேலை அவ்வளவுதான். சூட்டை உண்டாக்குவது உங்கள் உடம்பு. அந்தச் சூட்டைப் பிடித்து வைப்பது, உடம்புக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவே அசையாமல் நிற்கும் காற்று. குளிர்கிறது என்றால் இந்த ஏற்பாட்டில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. எந்த இடத்தில், எப்போது, எப்படிக் குளிர்கிறது என்று கவனித்தாலே ஓட்டை பிடிபட்டுவிடும். புது ஜாக்கெட் வாங்க வேண்டிய நிலை அபூர்வம்.

கணக்கும் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். ஆக, 50 கி.மீ. தூரத்துக்குள் ஏறக்குறைய 12 டிகிரி இறங்கிவிடுகிறது. உறைபனிக் காலத்தில் தலைகுந்தா, காந்தல் போன்ற பள்ளமான இடங்களில் விடியற்காலை பூஜ்யத்தை ஒட்டிப் போகும். அப்புறம் காற்று. 5 டிகிரி குளிரில் 60 கி.மீ. வேகத்தில் போனால் மூடாத தோலுக்கு அது மைனஸ் 2 டிகிரி போலத் தெரியும். நின்றுகொண்டிருக்கும்போது "பரவாயில்லையே" என்று தோன்றும் குளிர், வண்டி நகர்ந்ததும் வேறு குளிராகிவிடும்.

முதலில், இது இருந்தால் வண்டியை ஓரங்கட்டுங்கள்

அறிகுறி: உடம்பு வெடவெடவென்று நடுங்குகிறது, நிறுத்த முடியவில்லை. பேச்சு குழறுகிறது. கியர் போட மறந்துபோகிறது. ஹெல்மெட் பட்டையைக் கழற்றத் தெரியாமல் விரல் தடுமாறுகிறது.

இதை எந்தச் சாமானாலும் ஓட்டிக்கொண்டே சரிசெய்ய முடியாது. உடம்பின் உட்சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் அது மருத்துவ அவசரம். அந்த நிலைக்கு வெகு முன்பே மூளை மந்தமாகிவிடுவதால், "எனக்கு ஒன்றும் இல்லை, இன்னும் 10 கி.மீ.தானே" என்று ஓட்டுபவரே சொல்வார். கூட வருகிறவர் அந்தப் பேச்சை நம்பக்கூடாது.

காற்று படாத இடத்துக்குக் கூட்டிப்போய், ஈரமாக இருக்கும் எல்லாவற்றையும் கழற்றி, உலர்ந்த துணி போட்டு, தலையையும் கழுத்தையும் மூடுங்கள். நினைவு தெளிவாக இருந்தால் சர்க்கரை தூக்கலாகச் சூடான டீ கொடுங்கள். கை காலைத் தேய்க்க வேண்டாம். ஒரு பெக் போட்டால் சூடாகிவிடும் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். மது ரத்தத்தைத் தோலுக்குக் கொண்டுவரும். அதனால் சூடு ஏறின மாதிரி இருக்கும், உள்ளே இருக்கும் சூடோ வேகமாக வெளியேறிக்கொண்டிருக்கும். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலேயே நடுக்கத்தை நிறுத்திவிட்டார் என்றால் நிலைமை மோசமாகிவிட்டது என்று பொருள். உடனே 108-க்கு அழையுங்கள்.

"ஜிப்பை மேலே வரை போட்டும் நெஞ்சில் காற்று ஏறுது"

இதற்கு நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும்: தோல், ஜிப், கழுத்து, இடுப்பு.

தோலில் ஆரம்பியுங்கள். நம்மூரில் விற்கும் ரைடிங் ஜாக்கெட் பலவற்றில் நெஞ்சுப் பகுதியில் ஊசித்துளைகள் வரிசையாக இருக்கும். வெயிலுக்காக வைத்தவை. சந்தேகமாக இருந்தால் அந்த இடத்தில் வாயை வைத்து ஊதிப் பாருங்கள். மறுபுறம் உள்ளங்கையில் காற்று பட்டால் அந்த ஜாக்கெட் குளிருக்குத் தனியாக நிற்காது. அதற்காகத் தூக்கிப்போட வேண்டாம், மேலே ஒரு ரெயின்கோட் போட்டால் போதும். உடம்போடு ஒட்டி நிற்கிற, படபடக்காத, ஜிப் வைத்த ரெயின்கோட்டாக இருக்கட்டும். போர்வை மாதிரித் தொங்கும் ரகம் வேண்டாம், வேகத்தில் காற்று புகுந்து உங்களையே இழுக்கும்.

துளை இல்லாத தோல் என்றால் அடுத்தது ஜிப். ஜிப் என்பது நெஞ்சுக்கு நேராக மேலிருந்து கீழ்வரை ஓடும் ஒரு பிளவு, பற்களுக்கு நடுவே காற்று தாராளமாகப் போகும். ஜிப்புக்குப் பின்னால் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தோல் தைக்கிறவரிடம் கொடுத்து வைத்துக்கொள்ளலாம். சென்னை பெரியமேடு, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் இருப்பவர்களுக்கு ஆள் தேடுவது சிரமமாக இருக்காது. கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: புதுத் தையல் லைனிங்கோடு போகட்டும், வெளித்தோலில் வேண்டாம். துணியில் விழுந்த ஊசித்துளை மூடிக்கொள்ளும், தோலில் விழுந்தது மூடாது.

கழுத்துக்கு மஃப்ளரைவிடத் தலைவழியாக மாட்டும் கழுத்துக்குழாய்த் துணி நல்லது. அதன் கீழ் விளிம்பு ஜாக்கெட் காலருக்குள் போயிருக்க வேண்டும். இடுப்பில், உட்கார்ந்து கை நீட்டியதும் ஜாக்கெட் பின்பக்கம் ஏறிக்கொள்கிறதா என்று பாருங்கள். நின்றபடி கண்ணாடியில் பார்த்தால் இது தெரியவே தெரியாது, வண்டியில் உட்கார்ந்து வேறொருவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். உள்ளே போடும் தெர்மலை, அதாவது உடம்போடு ஒட்டும் குளிர்கால உள்ளாடையை, பேண்டுக்குள் செருகிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

வழியில் மாட்டிக்கொண்டால் செய்தித்தாள் கைகொடுக்கும். நான்கைந்து தாளை லேசாகக் கசக்கி விரித்து, தெர்மலுக்கு மேலே ஜாக்கெட்டுக்கு உள்ளே, நெஞ்சிலிருந்து தொப்புள்வரை வையுங்கள். கசக்குவதில்தான் விஷயம் இருக்கிறது, மடிப்புகளுக்கு நடுவே காற்று தங்கும். ஈரமானால் மாற்றிவிடுங்கள்.

"உள்ளே இரண்டு ஸ்வெட்டர் போட்டும் பலன் இல்லை"

போட்டதுதான் தப்பு. தோல் நெகிழாது. உடம்போடு ஒட்டி வெட்டிய ஜாக்கெட்டுக்குள் இரண்டு ஸ்வெட்டரைத் திணித்தால் கம்பளியில் இருக்கும் காற்றெல்லாம் நசுங்கி வெளியேறிவிடும். தடிப்பு இருக்கும், கதகதப்பு இருக்காது. இறகு அடைத்த ஜாக்கெட்டை உள்ளே போடுகிறவர்களுக்கும் இதே கதிதான்.

உள்ளே போடுவதை எல்லாம் போட்டு, ஜிப்பை ஏற்றி, வண்டியில் உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்தபடி மூச்சை ஆழமாக இழுத்துப் பாருங்கள். நெஞ்சு இறுகினாலோ மணிக்கட்டு வெளியே தெரிந்தாலோ ஒரு துணியைக் கழற்றிவிடுங்கள். உடம்போடு ஒட்டும் ஒரு தெர்மல், அதன்மேல் மெல்லிய ஃபிளீஸ் (பஞ்சு போன்ற செயற்கை இழைச் சட்டை) ஒன்று, அப்புறம் தோல். நீலகிரிக்கு இது போதும். புதிதாக வாங்குகிறவர்கள் கடைக்குப் போகும்போதே ஃபிளீஸைக் கையோடு கொண்டுபோய், அதைப் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். சட்டைக்கு மேல் போட்டுப் பார்த்து வாங்கினால் அது வெயில்கால ஜாக்கெட்தான்.

"விரல் மரத்துப்போகுது"

அதிகம் பேர் சொல்லும் குறை இது, ஆபத்தும் இதில்தான் அதிகம். 50 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 14 மீட்டர் ஓடுகிறது. மரத்துப்போன விரல் பிரேக்கைத் தேடி ஒரு வினாடி தாமதித்தால் அந்த 14 மீட்டர் உங்களுடையது இல்லை. கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வரும்போது அது எவ்வளவு பெரிய தூரம் என்று மலைப்பாதையில் ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

எப்படி மரத்துப்போகிறது என்று பாருங்கள்.

பத்து விரலும் சேர்ந்து மெதுவாக மரத்துப்போனால் கிளவுஸைச் சந்தேகிக்காதீர்கள், நெஞ்சைச் சந்தேகியுங்கள். நெஞ்சும் வயிறும் குளிரத் தொடங்கியதும், உள்ளுறுப்புகளைக் காப்பாற்ற உடம்பு கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். அப்போது எவ்வளவு விலையுயர்ந்த கிளவுஸ் போட்டாலும் உள்ளே வந்து சேரும் சூடு குறைவுதான். மேலே சொன்ன ஜிப்பையும் கழுத்தையும் சரிசெய்துவிட்டுத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். கிளவுஸை மாற்றாமலேயே கை தேறிவிடுவது உண்டு.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் முதலில் போனால் காரணம் லீவர். கிளட்ச், பிரேக் மேல் இரண்டு விரலை வைத்தபடி ஓட்டுவது மலைப்பாதையில் நல்ல பழக்கம், விடச் சொல்ல மாட்டேன். ஆனால் லீவர் அலுமினியம், குளிரக் காத்திருக்கும் உலோகம். விரலின் சூட்டைக் கிளவுஸின் தோல் வழியாகவே இழுத்துக்கொள்ளும். லீவருக்கு ரப்பர் உறை போடுங்கள். உறை வழுக்காமல் இருக்கிறதா, லீவர் முழுதாக உள்ளே வருகிறதா என்று நின்ற இடத்திலேயே அழுத்திப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

விரல் நுனி மட்டும் வலித்து மரத்தால் கிளவுஸ் இறுக்கம். போட்டுக்கொண்டு முஷ்டி மடக்கிப் பாருங்கள், நுனித் தையல் நகத்தில் அழுத்தினால் ஒரு அளவு பெரிது வேண்டும். உள்ளே பட்டு அல்லது மெல்லிய பாலியஸ்டர் உறை போடுவதாக இருந்தால் அதற்கும் சேர்த்தே அளவு பாருங்கள். மெடிக்கல் கடையில் கிடைக்கும் ரப்பர் கையுறையை உள்ளே போடுகிறவர்கள் உண்டு. காற்று நிற்கும், ஆனால் வியர்வையும் உள்ளேயே நிற்கும். ஒரு மணி நேரத்துக்கு ஓடும், அதற்குமேல் கை ஈரமாகி முன்னைவிட மோசமாகும்.

புறங்கை குளிர்ந்தால் காற்று நேராக அடிக்கிறது. இதற்கு ஹேண்ட் கார்டுக்கு ஈடு வேறில்லை. ஹேண்டிலில் மாட்டும் அந்தப் பிளாஸ்டிக் தகடு செய்யும் உதவியைத் தடித்த கிளவுஸ் செய்யாது, தவிர தடித்த கிளவுஸில் லீவரின் உணர்வு போய்விடும். சூடாகும் கைப்பிடி மாட்டலாமா என்றால், அது ஏறக்குறைய 30 முதல் 50 வாட் வரை கேட்கும். சின்ன வண்டியின் சார்ஜிங் அதைத் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு மாட்டுங்கள். இல்லாவிட்டால் அவலாஞ்சி ரோட்டில் பேட்டரி இறங்கி நிற்பீர்கள்.

ஏற்கெனவே மரத்துவிட்ட கையை என்ன செய்வது? வண்டியை நிறுத்தி, கிளவுஸோடு இரண்டு கையையும் தோளிலிருந்து பெரிய வட்டமாக வேகமாகச் சுழற்றுங்கள். சுழற்சியில் ரத்தம் விரல் நுனிவரை தள்ளப்படும், சுருக்சுருக்கென்று வலியோடு உணர்வு திரும்பும். சைலன்சரைத் தொட்டுச் சூடேற்றாதீர்கள். மரத்த விரலுக்குச் சுடுவது தெரியாது, தெரியும்போது கொப்பளம் வந்திருக்கும், கிளவுஸின் தோலும் சுருங்கிப் பொரிந்திருக்கும். லேசான குளிருக்கே விரல் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போகிறது, ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் என்றால், அது கிளவுஸ் பிரச்சினை இல்லை. மருத்துவரைப் பாருங்கள்.

"கீழே வியர்த்துக் கொட்டுது, மேலே போனதும் நடுங்குது"

மேட்டுப்பாளையத்திலேயே எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு வருவது. கல்லாறு தாண்டிப் புழுக்கமான காட்டுப்பாதையில் 30 கி.மீ. வேகத்தில் வளைவுகளைத் திருப்பி ஏறும்போது பனியன் நனைந்துவிடும். தண்ணீர் காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். குன்னூர் போய்ச் சேரும்போது அந்த நனைந்த பனியன்தான் உங்கள் முதுகில் குளிரை ஒட்டிவைத்திருக்கும்.

பருத்தி பனியனைக் கழற்றிவிடுங்கள். பருத்தி ஈரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. பாலியஸ்டர் தெர்மலோ மெரினோ கம்பளியோ உடம்பை ஒட்டி இருக்கட்டும். மலையடிவாரத்தில் அதன்மேல் வெறும் ஜாக்கெட் மட்டும். பர்லியார் பழக்கடைகளில் நிறுத்தும்போது ஃபிளீஸை உள்ளே போடுங்கள். குளிர ஆரம்பித்த பிறகு போடலாம் என்று காத்திருக்காதீர்கள். இழந்த சூட்டை உட்கார்ந்த இடத்தில் திரும்பச் சம்பாதிப்பது கஷ்டம்.

வயிறும் முக்கியம். காலையில் வெறும் டீயோடு ஏறுகிறவருக்கு எரிக்க எதுவும் இருக்காது. இட்லியோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள், மேலே ஊட்டி வர்க்கியும் டீயும் பார்த்துக்கொள்ளும்.

"பனிமூட்டத்தில் போன பிறகு ஜாக்கெட்டே குளிருது"

மூட்டத்தில் ஒரு மணி நேரம் ஓட்டினால் மழை பெய்யாமலேயே தோல் நனையும். தொட்டுப் பார்த்தால் மேல்பக்கம் வழவழப்பாக, நிறம் ஒரு படி கறுத்துத் தெரியும். இரண்டு கையிலும் தூக்கிப் பார்த்தால் கனம் கூடியிருக்கும். அப்படி நனைந்த தோலின் மேல் காற்று அடித்தால் ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும், மண்பானையில் தண்ணீர் குளிர்கிற மாதிரி. அந்தப் பானைக்குள் இருப்பது நீங்கள்.

மூட்டம் கண்ணில் பட்டதுமே ரெயின்கோட்டை மேலே போட்டுவிட வேண்டும். நனைந்த பிறகு போட்டால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், அப்படியானாலும் காற்று நிற்கும் என்பதால் போடாமல் இருப்பதைவிட அது மேல். ரெயின்கோட்டின் கை கிளவுஸின் வாயை மூடி நிற்கட்டும்.

அறைக்குப் போனதும் ஜாக்கெட்டைத் துணியால் ஒற்றி எடுத்து, அகலமான ஹேங்கரில் ஜிப்பைத் திறந்து மின்விசிறிக் காற்றில் மாட்டுங்கள். ஹீட்டர், ஹேர் டிரையர், விறகுத் தீ எதன் பக்கத்திலும் கொண்டுபோக வேண்டாம். ஈரத்தோடு சூடு பட்டால் தோல் சுருங்கி விறைத்துவிடும், திரும்ப வராது. நன்றாக நனைந்த தோல் காய ஒன்றிரண்டு நாள் ஆகும். அதனால் மறுநாள் காலை பயணத்துக்கு மாற்று ஏற்பாடு கையில் இருக்க வேண்டும்.

முழங்காலும் பாதமும்

தோல் பேண்ட் நம்மூரில் அரிது. பெரும்பாலும் ஜீன்ஸ்தான், ஜீன்ஸ் வழியாகக் காற்று நேராக முட்டியில் அடிக்கும். ரெயின்கோட்டின் பேண்டை மேலே மாட்டினாலே பெரிய வித்தியாசம் தெரியும். முட்டிக் கார்டு இருந்தால் விழும்போது மட்டுமல்ல, காற்றுக்கும் உதவும். விடியற்காலை கிளம்புகிறவர்கள் சீட்டைத் துடைத்துவிட்டு உட்காருங்கள். உறைபனி விழுந்த இரவுக்குப் பிறகு சீட்டில் மாவு தூவினது போல வெள்ளையாகப் படிந்திருக்கும், அதன்மேல் உட்கார்ந்தால் உருகி ஜீன்ஸில் இறங்கும், அப்புறம் நாள் முழுக்க விடாது. முடிந்தால் 8 மணிக்கு மேல் கிளம்புங்கள். பலரும் நினைப்பதுபோல நள்ளிரவு அல்ல, விடியும் நேரத்தில்தான் குளிர் உச்சத்தில் இருக்கும்.

பாதத்தில் ஒரே தவறுதான் திரும்பத் திரும்ப நடக்கிறது: இறுகிய பூட்ஸுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸ். கால்விரலை உள்ளே அசைக்க முடியவில்லை என்றால் ரத்தம் ஓடவில்லை. ஒரு ஜோடி கம்பளி சாக்ஸ் போதும். பூட்ஸில் தண்ணீர் இறங்கினால் சாக்ஸை மாற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் கவர் மாட்டிப் பூட்ஸுக்குள் காலை விடுங்கள். அறைக்குப் போகும்வரை தாங்கும்.

பின்னால் இருப்பவர்

ஓட்டுபவர் கியர் மாற்றுகிறார், வண்டியைச் சாய்க்கிறார், உடம்பு கொஞ்சமாவது வேலை செய்கிறது. பின்னால் உட்கார்ந்திருப்பவர் அசையாமல் இருக்கிறார். தோல் ஜாக்கெட் ஓட்டுபவருக்கு, ஸ்வெட்டரும் சால்வையும் மனைவிக்கு என்று போகும் ஜோடிகளைப் பார்க்கும்போது எனக்கு மனது பொறுப்பதில்லை. ஸ்வெட்டர் காற்றைத் தடுக்காது, கீழே விழுந்தால் ஒரு நொடிகூடத் தாங்காது. சால்வையோ துப்பட்டாவோ சக்கரத்திலும் செயினிலும் சிக்கும். இருப்பது ஒரே ஒரு நல்ல ஜாக்கெட் என்றால் இன்னொன்று வாங்கும்வரை மலையைத் தள்ளிப்போடுங்கள். வாங்கிக் கிளம்பும்போது, பின்னால் இருப்பவர் குளிர்ந்தால் தோளில் தட்ட வேண்டும் என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சொல்வது கேட்காது.

"காலையில் ஜாக்கெட் அட்டை மாதிரி விறைச்சிருக்கு"

குளிரில் எந்தத் தோலும் கொஞ்சம் விறைக்கும், போட்டுக்கொண்டு பத்து நிமிடம் இருந்தால் இளகும். இளகாமல், முழங்கை மடிப்பில் மெல்லிய கோடுகள் விழுந்திருந்தால் தோலில் எண்ணெய்ப் பசை போய்விட்டது. விட்டால் அந்தக் கோடுகள் வெடிப்பாகி, காற்றும் தண்ணீரும் உள்ளே வரும்.

உடனே தேங்காய் எண்ணெயை எடுக்காதீர்கள். அது 24 டிகிரிக்குக் கீழே உறையும். சென்னையில் தடவும்போது அழகாக உள்ளே இறங்கும், ஊட்டி போனதும் தோலின் நுண்துளைகளில் உறைந்து வெள்ளையாகப் பூக்கும், தோல் இன்னும் விறைக்கும். தோலுக்கென்று விற்கும் கண்டிஷனரை, தேன்மெழுகு சேர்ந்ததாக இருந்தால் நல்லது, பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே துணியில் கொஞ்சமாகத் தொட்டுத் தடவி ஒரு இரவு விடுங்கள். மடிப்புகளிலும் தையல் ஓரங்களிலும் இரண்டாம் முறை. மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும், மேலே படிந்து நின்றால் தூசியைத்தான் பிடிக்கும்.

ஊருக்குத் திரும்பியதும் ஜாக்கெட்டைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பீரோவுக்குள் வைக்காதீர்கள். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும். பழைய பருத்தித் துணி ஒன்றைப் போர்த்தி, காற்று புழங்கும் இடத்தில் தொங்கவிட்டு, மாதம் ஒருமுறை எடுத்து நிழலில் அரை நாள் மாட்டினால் அடுத்த மார்கழிக்குத் தோல் பதமாக இருக்கும்.